பதினேழும் பார்சல் டப்பாவும்

காலை ஏழு ஐம்பது. ஆய்வகக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது திரவங்களைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜின் நெற்றியில் இருந்த சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். பக்கத்தில் இருந்த தராசுக்கும் அப்படியே. மருந்தை அளந்து ஊற்றும் பிப்பெட்டுகள் ஸ்டாண்டில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சாமந்தி. உறையோடு அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் தட்டுகளை யாரோ பிரித்து, ஒவ்வொரு தட்டின் மேலும் மூன்று விரலால் விபூதி இழுத்திருந்தார்கள். கிருமி நீக்கி, சீல் வைத்து, கப்பலில் வந்த தட்டுகள் அவை.

அன்று ஆயுத பூஜை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பல கம்பெனிகளைப் போல எங்கள் கம்பெனியிலும் முந்தின நாள் மாலையே பூஜை போட்டுவிடுவார்கள். பூஜை கண்ட கருவியை விஜயதசமி காலை வரை யாரும் தொடக் கூடாது. லேத் பட்டறைக்கு இது பொருந்தும். கிருமி வளர்க்கும் இடத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

"உள்ள போங்க, பாருங்க, வாங்க. எதையும் தொடாதீங்க மேடம்," என்றார் வாசலில் நின்ற செக்யூரிட்டி பாஷா பாய். "ஏ.ஓ. சாரு எங்கையில சொல்லிட்டுப் போயிக்கிறாரு. ஒரு பொட்டு கலஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும்."

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் நிவேதா. நான் ஓய்வு பெற்ற இடத்தில் இன்று வேலை பார்க்கும் பெண். போன மாதம் சேக்காட்டில் என் வீட்டுக்கு போன் செய்தாள்.

"மேம், ஸ்டோர்ல ஒரு அட்டைப் பெட்டி நிறைய சாம்பார் டப்பா இருக்கு. மேல 'ஆய்வுக்கு மட்டும், உணவுக்கு அல்ல'ன்னு எழுதியிருக்கு. உங்க கையெழுத்துன்னு சொல்றாங்க. இது நிஜமா, இல்ல யாராவது விளையாட்டுக்குப் பண்ணதா?"

நிஜம்தான் என்றேன். அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். அவர்கள் காலத்தில் கம்ப்யூட்டரே ஒரே நாளில் ஆயிரக்கணக்கான புதிய மருந்துகளை எழுத்து எழுத்தாகக் கோத்துக் கொடுத்துவிடுகிறது. அதை டப்பாவில் ஊற்றிப் பார்க்கும் வேலை மட்டும் இன்னும் மனிதர்களிடம் இருக்கிறது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்து வேலை கிடைக்காமல் ஒரு மாலைப் பத்திரிகையில் பிழை திருத்தினேன். யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, எங்கே நின்று பார்த்தார் என்று கேட்கும் பழக்கம் அங்கே வந்தது. பிறகு ஆய்வக உதவியாளர், பிறகு டெக்னீஷியன், பிறகு சீனியர் டெக்னீஷியன். இடையில் ஒரு திருமணம், ஒரு மகன், ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு எண்ண முடியாத ரயில்கள்.

நாங்கள் செய்த வேலை இது. தவளையின் ஈரத் தோலில் ஏன் புண் சீழ் பிடிப்பதில்லை? தோல் தானே சில சிறு புரதத் துண்டுகளைச் சுரக்கிறது. பெப்டைடு என்பார்கள். அதில் கோத்திருக்கும் அமினோ அமிலம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. மனித வியர்வையிலும் உண்டு, மாட்டின் ரத்தத்திலும் உண்டு. ஆண்டிபயாடிக் மாத்திரை கிருமிக்குள் நுழைந்து ஏதாவது ஒரு வேலையை நிறுத்தும். கிருமி நாளடைவில் அதற்கு வழி கண்டுபிடித்துவிடும். பெப்டைடு அப்படி இல்லை. கிருமியின் மேல் தோலில் ஒட்டி ஓட்டை போடும். ஒட்டக் காரணம் மின்னூட்டம். பெப்டைடு பாசிட்டிவ், கிருமியின் தோல் நெகட்டிவ். ஓட்டை போட்டவனிடமிருந்து தப்ப வழி கண்டுபிடிப்பது கிருமிக்குக் கஷ்டம். அதனால்தான் உலகம் முழுக்க இதன் மேல் நம்பிக்கை வைத்திருந்தது. எங்களுடையதற்குக் கே-நான்கு என்று பெயர். முதல் மூன்றும் எதையும் கொல்லவில்லை.

கே-நான்கு மெஷினில் கோத்துச் செய்தது. ஒரு தவளையும் அதற்காகத் துன்பப்படவில்லை. ஆனால் கம்பெனி போர்டில் ஒரு பச்சைத் தவளைப் படம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் வெள்ளானூரிலிருந்து ஒருவர் சைக்கிளில் கோணிப்பை கட்டிக்கொண்டு வந்தார். கோணி தானாக நகர்ந்தது.

"நல்ல ஜாதி தவள சார். ஏரிக்கரைல புடிச்சது. மழ வுட்டா கெடைக்காது."

எங்கள் தலைமை விஞ்ஞானி டாக்டர் கோதண்டபாணி அவரை உட்காரச் சொல்லி, பெப்டைடு எப்படி எழுத்து எழுத்தாகக் கோக்கப்படுகிறது என்று நிதானமாக விளக்கினார். வந்தவர் கடைசி வரை கேட்டார்.

"அப்போ போர்டுல இன்னாத்துக்கு தவள படம்?"

டாக்டர் யோசித்தார். "நியாயமான கேள்வி," என்றார். தவளைகளை எஸ்டேட் மழைநீர்க் கால்வாயில் விட்டோம். அந்த வாரம் முழுக்கப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எங்களைத் திட்டினார்கள்.

டாக்டரின் சுபாவத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். குரல் உயர்த்த மாட்டார். பரிசோதனை தோற்றால் "நல்லது" என்பார். ஜெயித்தால் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "எங்கே தப்பு?" என்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் நல்ல முடிவோடு அவர் அறைக்குப் போகப் பயப்படுவார்கள். விதி எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும் அதை மீற மாட்டார்; எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்து, அந்த அசட்டுத்தனம் விதியை எழுதியவருக்கே தெரியும்படி செய்வார். பாய் ஏ.ஓ. என்று சொன்ன நிர்வாக அதிகாரி தணிகாசலத்துக்கு டாக்டரைப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். தணிகாசலம் விதிகளை எழுதுபவர்.

பதினேழு என்பது ஒரு கிருமி. அருகிலிருந்த ஒரு மருத்துவமனை, மருந்துக்கு மசியாத கிருமிகளை எங்களுக்கு எண் போட்டு அனுப்பும். யாருடைய புண்ணிலிருந்து எடுத்தது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது. விதி அது. பதினேழு வந்து சேர்ந்த மறுநாள் பாஷா பாய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"பதினேழு வந்துச்சா மேடம்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னுதுதான். கால்ல பூட்ஸ் கடிச்சி புண்ணாயி, சுகர்னால ஆற மாட்டேங்குது. ஆஸ்பத்திரில தொடச்சி எடுத்தாங்க. இது எங்க போவுதுன்னு கேட்டேன், கையெழுத்து வாங்கிக்கினு நம்ம கம்பெனி பேரச் சொல்றாங்க. நான் அங்கதான் கேட்டாண்ட கீறேன்னேன். நர்ஸம்மா சிரிச்சிக்கினே நம்பர சொல்லிச்சி."

பாய் பூந்தமல்லிக்காரர். அவர் வீட்டில் தலைமுறையாகத் தோல் வியாபாரம்; இவருக்கு அந்த வாடை ஆகாது என்று செக்யூரிட்டி வேலைக்கு வந்தவர். அன்றிலிருந்து ஷிப்ட் மாறும்போதெல்லாம் ஜன்னலுக்கு வருவார். கிருமி என்று சொல்ல மாட்டார். பூச்சி என்பார்.

"என் பூச்சி எப்டி கீது?"

"நல்லா இருக்கு பாய்."

"அது நல்லாத்தான் இருக்கும். அதுக்கு இன்னா கொற."

ரகசியம் காப்பதற்கென்று இருந்த எண், கம்பெனியில் எல்லோரும் நலம் விசாரிக்கும் எண் ஆகிவிட்டது. கேன்டீனில் "பதினேழு செத்துச்சா?" என்று தணிகாசலமே ஒருமுறை கேட்டார். சாகவில்லை. கே-நான்கு மற்ற கிருமிகளை ஓரளவு கொன்றது, அதுவும் அளவுக்கு மிஞ்சி ஊற்றினால். பதினேழை ஒன்றும் செய்யவில்லை. ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் கே-நான்கைத் தொடர்வதா கைவிடுவதா என்று நிர்வாகம் முடிவெடுக்க இருந்தது. அதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று டாக்டர் விடுமுறையில் என்னை வரச் சொன்னார்.

ஆயுத பூஜை அன்று காலை எட்டரைக்கு டாக்டர் வந்தார். பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தட்டுகளின் விபூதியைக் குனிந்து பார்த்தார்.

"உத்தரவு என்ன?"

"பொட்டு வெச்சது எதையும் தொடக் கூடாது சார்," என்றார் பாய். "எம்.டி. சொன்னாருன்னு ஏ.ஓ. சாரு சொன்னாரு."

"பொட்டு வைக்காததைத் தொடலாமா?"

பாய் தொப்பியைச் சரிசெய்தார். இரண்டு கட்சியிலும் அவர் இருந்தார். உத்தரவு அவர் கையில், பூச்சி அவர் காலில். "பொட்டு வெக்காதது உத்தரவுல வராது சார்."

அடுத்த ஒரு மணி நேரம் ஆய்வகத்தில் பொட்டில்லாத பொருள்களைத் தேடினோம். ஒரு பிப்பெட் அளவு சரிபார்க்கப் போய், கூரியரில் திரும்பி வந்து, பாயின் மேஜை மேல் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அது தப்பித்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த ஆட்டோகிளேவை, அதாவது பொருள்களை நீராவியில் கிருமி நீக்கும் பெரிய குக்கரை, தணிகாசலம் மறந்திருந்தார். கிருமி வளரும் இன்குபேட்டரின் கதவில் பொட்டு, கைப்பிடியில் பூச்சரம்.

"பூவு கயண்டாம தொறக்க முடியுமா சார்?"

டாக்டர் கதவின் விளிம்பில் ஒரே விரலை வைத்து இழுத்தார். பூ கழலவில்லை. பாய் தலையசைத்தார்.

கிருமி வேலை எரியும் சுடருக்குப் பக்கத்தில்தான் செய்ய வேண்டும். ஸ்பிரிட் விளக்கைப் பூஜையிலேயே ஏற்றிவிட்டிருந்தார்கள், பொட்டும் இருந்தது. பாய் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, "வெளக்கு ஏத்தறது தப்பு இல்ல. எந்த ஊட்லயும் தப்பு இல்ல," என்று தீர்ப்பளித்தார்.

மிச்சம் இருந்தது தட்டு. மருந்தையும் கிருமியையும் கலக்க ஏதாவது பாத்திரம் வேண்டும். பிளாஸ்டிக் தட்டுகள் எல்லாமே விபூதி பூசியவை, கண்ணாடிக் குழாய்கள் பூ சூடியவை. பொரிகடலை வழங்குவதற்காகத் தணிகாசலம் வாங்கிய பார்சல் டப்பாக்களில் ஒரு கட்டு மீதி இருந்தது. ஓட்டலில் சாம்பார், சட்னி கட்டித் தருவார்களே, அந்தக் குட்டி டப்பா. உறை பிரிக்கவில்லை. பொட்டில்லை.

"இதிலா சார்?"

"பாத்திரம்தானே," என்றார் டாக்டர்.

ஆட்டோகிளேவில் வைத்தோம். எங்கள் வழக்கமான தட்டுகள் அந்தச் சூட்டில் அப்பளமாகச் சுருண்டுவிடும். இவை விளிம்பு லேசாக நெளிந்ததோடு சரி. முதல் டப்பாவில் அதிக மருந்து, அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் அதிலும் பாதி என்று வரிசையாக ஊற்றினேன். ஒவ்வொன்றிலும் பதினேழு. கடைசி டப்பாவில் மருந்தே இல்லை. மூடிகளில் எண் எழுதினேன். சில மூடிகளில் ஏற்கெனவே 'சட்னி' என்று அச்சாகியிருந்தது. பூ கழலாமல் இன்குபேட்டருக்குள் வைத்தோம்.

கிருமி வளர்ந்திருந்தால் நீர் கலங்கும். செத்திருந்தால் தெளிவாக இருக்கும். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தபோது மருந்தில்லாத டப்பா கஞ்சி போல் கலங்கியிருந்தது. அது சரி. முதல் டப்பா தெளிவு. இரண்டாவது தெளிவு. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது தெளிவு. தட்டில் நாங்கள் வழக்கமாக ஊற்றும் அளவில் சிறு பங்குதான் ஐந்தாவதில் இருந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எங்கே தப்பு?"

ஜன்னலில் பாய் நின்றிருந்தார். "செத்துச்சா?"

"செத்தது போலத் தெரிகிறது," என்றார் டாக்டர். இந்த மனிதர் வாழ்நாளில் சொன்ன மிகத் துணிச்சலான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அன்றே அதே மருந்தை, அதே கிருமியை, வெளியில் கடன் வாங்கிய புதிய தட்டில் செய்தோம். கலங்கியது. மறுபடி செய்தோம். கலங்கியது. செய்தி தணிகாசலத்துக்குப் போனது. அவருக்கு இதில் புதிர் எதுவும் இல்லை.

"பூஜை அன்னைக்குச் செஞ்சீங்க, பலிச்சுது. சாதாரண நாள்ல செஞ்சீங்க, பலிக்கல. இதுக்கு பிஎச்.டி. வேணுமா மேடம்?"

எம்.டி.யிடமும் சொன்னார். கே-நான்கைத் தொடரலாம், ஆனால் இனி ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் பூஜை நடக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடுத்த சில வாரங்கள் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் பிப்பெட்டைத் தொட்டோம். தட்டு கலங்கிக்கொண்டே இருந்தது. சூடம் போதவில்லை என்றார் தணிகாசலம்.

டாக்டர் உத்தரவை எதிர்க்கவில்லை. நாலு வகையாகப் பிரித்தார். பூஜை போட்ட தட்டு, பூஜை போடாத தட்டு, பூஜை போட்ட டப்பா, பூஜை போடாத டப்பா. எது எது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது. தணிகாசலம் தனி அறையில் பூஜை போட்டு, பொட்டு வைக்காமல், அடியில் ஒரு குறியிட்டுத் தர வேண்டும். எந்தக் குறிக்கு என்ன பொருள் என்ற பட்டியலைப் பாய் வைத்துக்கொள்ளட்டும் என்றார் தணிகாசலம்.

"கூடாது. கிருமி அவருடையது. அவர் கட்சிக்காரர்," என்றார் டாக்டர்.

"சர்தான் சார். நான் பூச்சி சாவணும்னுதான் சொல்லுவேன்," என்றார் பாய்.

பட்டியல் கேன்டீன்காரரிடம் போனது. பூஜை போட்ட டப்பா தெளிவு. பூஜை போடாத டப்பாவும் தெளிவு. தட்டுகள் இரண்டும் கலங்கல். தணிகாசலம் நான்கையும் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"சரி. பூஜையால கெடுதல் இல்லைன்னாவது எழுதுவீங்களா சார்?"

"எழுதுவேன். அது நிரூபணமாகியிருக்கிறது." எழுதினார்.

மிஞ்சியது டப்பா. டாக்டர் ஒன்றைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். முக்கோணத்துக்குள் ஐந்து என்று அச்சிட்டிருந்தது, பிளாஸ்டிக் எந்த வகை என்று சொல்லும் எண். தட்டின் பிளாஸ்டிக் வேறு ஜாதி. மின்னூட்டத்தால் கிருமியில் ஒட்ட வேண்டிய மருந்து, தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக் குழாயிலும் அப்படித்தான். கிருமியைத் தேடி நீந்த வேண்டியது, பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. டப்பாவின் பிளாஸ்டிக்கில் அது அவ்வளவாக ஒட்டாது. இத்தனை மாதம் நாங்கள் தட்டுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறோம்.

"இது தெரிந்த விஷயம்தான். படித்திருக்கிறேன். மறந்திருக்கிறேன்," என்றார். தணிகாசலம் வெளியே போய்விட்டாரா என்று பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. அவர் இருக்கும்போதே சொன்னார்.

சரியான பிளாஸ்டிக்கில் செய்த தட்டு வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. தணிகாசலம் அம்பத்தூர் மார்க்கெட்டில் பார்சல் டப்பா வாங்கி வந்தார். கொள்முதல் காரணம் என்ற இடத்தில் எதை எழுதுவது என்று என்னைக் கேட்டார். யாராவது எடுத்துச் சோறு கட்டிவிடக் கூடாதே என்று பெட்டியின் மேல் நான் எழுதியதைத்தான் நிவேதா இப்போது பார்த்திருக்கிறாள்.

இதுவரை நடந்ததை நான் பல பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அடுத்ததைச் சொன்னதில்லை.

ஒரு திங்கட்கிழமை மதியம் பாய் டீ ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். நடையில் ஒரு இழுப்பு இருந்தது. வலது காலில் பூட்ஸ் இல்லை, செருப்பு, கட்டு நனைந்திருந்தது. முகத்தில் மட்டும் சந்தோஷம்.

"ஆபரேசன கேன்சல் பண்ணிக்கினு வந்துட்டேன் மேடம்."

"என்ன ஆபரேஷன்?"

"ரெண்டு வெரல எடுக்கணுமாம். இல்லன்னா மேல ஏறுமாம், அப்பால காலுன்றாங்க. நான் சொன்னேன், யோவ், நம்ம கம்பெனில மருந்து வந்துக்குது, என் பூச்சிதான் மொதல்ல செத்துக்குது, என் கண்ணால பாத்தேன். அஞ்சி டப்பா. அப்பால இன்னாத்துக்கு வெட்டணும்?"

நான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. எழுந்து நின்றார்.

"கூப்பிடுங்கள்."

பாய் வந்து நின்றார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார்.

"பாய், அது டப்பாவில் செத்தது."

"ஆமா சார்."

"உங்கள் கால் டப்பா இல்லை."

"தட்டும் இல்லியே சார். சொவுத்துல ஒட்டாது. நீங்கதான சொன்னீங்க."

இத்தனை நாள் ஜன்னலில் நின்று அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"ஊசி வேணாம் சார். புண்ணு மேல ரெண்டு சொட்டு ஊத்துங்க. நீங்க ஊத்த வேணாம். ஃப்ரிட்ஜ் சாவி எங்கையிலதான் கீது. நீங்க அந்தாண்ட திரும்பிக்கினா போதும்."

"அப்படிச் செய்வதாக இருந்தால் இதற்குள் செய்திருப்பீர்கள்."

பாய் சாவிக்கொத்தைப் பார்த்தார். "ஆர்டர் வேணுமில்ல சார்."

டாக்டர் என்னிடம் திரும்பினார். ஒரு விஞ்ஞானி தன் மருந்தைப் பற்றி இப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "இதை நாளைக்குள் தோற்கடிக்க வேண்டும். இவர் கண் முன்னால்."

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, வியாழக்கிழமை வரை பாய்க்குப் படுக்கையை வைத்திருக்கச் சொன்னார். பிறகு கையுறை போட்டார். அவரே பிப்பெட்டை எடுத்து நான் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

இரண்டு பரிசோதனை. முதலில் பதினேழையும் மருந்தையும் டப்பாவில் கலந்து, கூடவே ரத்தத்தின் நீர்ப்பகுதியைச் சேர்த்தோம். புண்ணில் ஊறும் நீரும் ஏறக்குறைய அதுதான். ரத்த வங்கியிலிருந்து எங்களிடம் எப்போதும் கொஞ்சம் இருக்கும்.

பாய் தடுத்தார். "அது எவனோட ரத்தமோ. என் பூச்சிய அதுக்கு எப்டித் தெரியும்? என் ரத்தத்த எடுங்க."

"உங்கள் ரத்தம் இதைவிட நல்லதாக இருந்தால் புண் ஆறியிருக்கும் பாய்," என்றார் டாக்டர். பாய் சிரித்துவிட்டார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பாய் முதலில் வந்து காத்திருந்தார். டப்பாக்களை வரிசையாக வைத்தேன். முதல் டப்பா கலங்கல். இரண்டாவது கலங்கல். ஐந்தும் கலங்கல். ரத்த நீரில் இருக்கும் உப்பு மருந்தின் பிடியைத் தளர்த்துகிறது, அதில் இருக்கும் நொதிகள் அதைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன என்று டாக்டர் சொன்னார். பாய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார்.

"ஜாஸ்தியா ஊத்துனா?"

"அதற்குத்தான் இரண்டாவது."

அதிக மருந்தை ரத்தச் சிவப்பணுக்களோடு கலந்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினோம். அதன் நெற்றியில் பூஜைச் சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. அணுக்கள் முழுதாக இருந்தால் சிவப்பு எல்லாம் அடியில் படிந்து, மேலே நீர் தெளிந்து நிற்கும். மருந்தில்லாத குழாய் அப்படித்தான் இருந்தது. மருந்து சேர்த்த குழாயை டாக்டர் பாயின் கையிலேயே கொடுத்தார். அடியில் ஒன்றுமில்லை. மேலிருந்து கீழ்வரை பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்.

"இது இன்னா சார்?"

"சிவப்பணு உடைந்துவிட்டது. மருந்து அதிலும் ஓட்டை போட்டுவிட்டது."

"பூச்சியும் சாவும், ரத்தமும் சாவும்."

"ஆமாம்."

"அப்போ இது மருந்து இல்ல."

"இன்னும் இல்லை."

"எப்போ ஆவும்?"

டாக்டர் இப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் தெரியாது பாய். நான் இருக்கும்போது ஆகாமலும் போகலாம்."

பாய் குழாயை ஸ்டாண்டில் வைத்தார், கவனமாக, அது நின்ற அதே துளையில். ஃப்ரிட்ஜ் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்தார். "ஏ.ஓ. சாராண்ட குடுத்துடுங்க. வர ரெண்டு வாரம் ஆவும்னு சொல்லுங்க."

வியாழக்கிழமை தணிகாசலம்தான் கம்பெனி வேனில் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். போகும் வழியில் பாயின் சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாராம். பூஜையில் வைத்தது என்று சொல்லவில்லையாம். பாய்க்குத் தெரியாமல் இருக்குமா? "ஜூஸ் போட்டுக் குட்ச்சேன். சக்கர போடல," என்று பின்னால் சொன்னார்.

டாக்டர் இரண்டு பரிசோதனைகளின் முடிவையும் நிர்வாகத்துக்கு அனுப்பினார். கேட்காமலே அனுப்பினார். கே-நான்கைக் கைவிட்டார்கள். டாக்டர் "நல்லது" என்றார். அடுத்த வருடம் அவருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. போர்டில் தவளை இருந்தது.

பாய் திரும்பி வந்தபோது வலது காலுக்குத் தனியாகத் தைத்த பூட்ஸ் போட்டிருந்தார். ஜன்னலுக்கு வந்தார்.

"பதினேழு எங்க மேடம்?"

"மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர்ல வெச்சாச்சு பாய்."

"செத்துச்சா?"

"இல்ல. அந்தக் குளிர்ல சாகாது. எத்தனை வருஷம் கழிச்சு எடுத்தாலும் எழுந்துக்கும்."

பாய் ஃப்ரீசர் இருக்கும் பக்கம் பார்த்தார். "வெரலு போனவன் வெயில்ல கேட்டாண்ட கீறான். அதத் துன்னவன் உள்ள ஏசில கீறான். நல்லா கீது உங்க கம்பெனி."

நிவேதா போனை வைப்பதற்கு முன் இன்னொன்று கேட்டாள். கம்ப்யூட்டர் கோத்துக் கொடுத்த புதிய பெப்டைடுகளில் சில, ரத்த நீரைத் தாங்குகின்றனவாம், சிவப்பணுவை உடைப்பதில்லையாம். காகிதத்தில். டப்பாவில் ஊற்றிப் பார்க்க, எதற்கும் மசியாத பழைய கிருமி ஒன்று வேண்டும். உங்கள் காலத்தில் எது ரொம்பப் பிடிவாதம் மேம் என்றாள். எண்ணை மட்டும் சொன்னேன்.

பாஷா பாய் இப்போது காட்டுப்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். வலது காலில் மூன்று விரல்கள். பதினேழு அம்பத்தூரில், ஃப்ரீசரில் மேலிருந்து இரண்டாவது அடுக்கில் இருக்கிறது.